சலிப்பூட்டும் பக்கங்கள்

(வீட்டுத் தொழில் செய்வோருக்காக ஒரு நூலக வாசகர் வட்டம் நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள் இணையத்தில் என்ன படிக்கலாம் என்று பேசச் சொன்னார்கள். கூடவே, ஐம்பது இணையதளங்களின் பட்டியல் ஒன்று கொடுத்தால் ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் தந்துவிடலாம் என்றும் சொன்னார்கள். பட்டியல் கொண்டுவரவில்லை. அப்படிப்பட்ட பட்டியல்களை நானும் நிறைய வாங்கிப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். எதையும் திறந்து பார்த்ததாக நினைவில்லை.

இந்த அறையில் இட்லிப் பொடி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆரி வேலை செய்பவர்கள், டியூஷன் எடுப்பவர்கள், லோகோ போட்டுக்கொடுப்பவர்கள், என்னைப் போல மொழிபெயர்த்துச் சம்பாதிப்பவர்கள், வெளிநாட்டு பார்ட்டிக்குக் கணினி வேலை செய்துகொடுப்பவர்கள் எல்லாரும் இருக்கிறீர்கள். செய்கிற வேலை வெவ்வேறு. ஆனால் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு இருக்கிற ஒன்று நம்மில் யாருக்கும் கிடையாது. அங்கே வரி விதி மாறினால் அக்கவுன்ட்ஸ் பிரிவு படிக்கும். ஒப்பந்தம் வந்தால் சட்டம் தெரிந்த ஒருவர் படிப்பார். பாக்கெட்டில் என்ன அச்சிட வேண்டும் என்பதைப் படிப்பதற்கே தனியாக ஆள் உண்டு. நம் வீட்டில் அந்த நாற்காலிகள் எல்லாவற்றிலும் உட்கார்ந்திருப்பது நாம்தான். ஆகவே படிப்பதும் மாவு சலிப்பது, பில் போடுவது மாதிரி தொழிலின் ஒரு வேலை. பொழுது கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அதை ஒதுக்க முடியாது.

ஆனால் நாம் படிப்பது எதை? மாதம் லட்சம் சம்பாதித்த இல்லத்தரசியின் கதையை. வேலையை விட்டுவிட்டு உலகம் சுற்றுகிற இளைஞரின் கதையை. படிக்க இனிப்பாக இருக்கும், மறுநாள் காலையில் அடுப்பு பற்றவைக்கும்போது ஒன்றும் உதவாது. அந்தக் கதைகளில் பில் எண் இருக்காது, மூலப்பொருள் விலை இருக்காது, பணம் தராமல் இழுத்தடித்த பார்ட்டியைப் பற்றி ஒரு வரி இருக்காது. நமக்குப் பணம் கொண்டுவருகிற பக்கங்கள் பெரும்பாலும் கொட்டாவி வரவைக்கிற பக்கங்கள். சட்டத்தின் மூல வாசகம், துறைகளின் கேள்வி-பதில், விதிமுறை அட்டவணை. இந்த மாலை உங்களிடம் நான் வாதாடப் போவது இந்தச் சலிப்பான பக்கங்களுக்காக.

முதலில் நம் எல்லாருக்கும் பொதுவான வலியிலிருந்து தொடங்குகிறேன். பேமென்ட் வரவில்லை.

ஆரி வேலை செய்யும் ஒருவர் ஒரு பொட்டிக்குக்கு ரவிக்கைகள் தைத்துக் கொடுக்கிறார். பில் 60,000 ரூபாய். "அடுத்த வாரம் பார்க்கலாம்மா" என்று ஆரம்பித்து, தீபாவளி போய், பொங்கலும் போய்விடுகிறது. அழுத்திக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம். கேட்காவிட்டால் நூல் வாங்கக் காசில்லை. இவருக்காகவே நாடாளுமன்றம் 2006இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறது: குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். இந்தியா கோட் என்ற அரசு இணையதளத்தில் மத்தியச் சட்டங்கள் அத்தனையும் இலவசமாக இருக்கின்றன, இதுவும் இருக்கிறது. முழுவதையும் படிக்க வேண்டாம். 15ஆம் பிரிவிலிருந்து 24 வரை, நாலைந்து பக்கம்தான். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் ஒரு தடவை படித்துவிடலாம்.

அதில் என்ன இருக்கிறது? பொருளையோ சேவையையோ பெற்றுக்கொண்டவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதியும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தவறினால் வட்டி. என்ன வட்டி என்பதில்தான் சுவை. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பாங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் வட்டிக்கு வட்டி. கணக்குக்காக பாங்க் ரேட் 6 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 18 சதவீதம், மாதத்துக்கு ஒன்றரை. அந்த 60,000 ரூபாய்க்கு முதல் மாதம் 900 ரூபாய். ஆறு மாதம் இழுத்தால் 5,600 ரூபாய்க்கு மேல் போகும். "வட்டி கேட்க மாட்டேன்" என்று உங்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கியிருந்தாலும் செல்லாது; ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்த வட்டி உண்டு என்று 16ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது.

இன்னொரு நுணுக்கம், இதை யாரும் வீடியோவில் சொல்லிக் கேட்டதில்லை. "வேலை சரியில்லை, அதனால்தான் பணம் தரவில்லை" என்று மூன்று மாதம் கழித்துச் சொல்கிற பார்ட்டிகள் உண்டு. சரக்கு கையில் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபணை தெரிவிக்காவிட்டால், சரக்கு கொடுத்த அன்றைக்கே அவர் ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஃபோனில் முனகியது கணக்கில் வராது. ஆகவே சரக்கு கொடுத்த தேதிக்கு ஒரு சான்று வேண்டும்: டெலிவரி சலானில் கையெழுத்து, கூரியர் ரசீது, குறைந்தபட்சம் "கிடைத்தது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு பதில். அந்தப் பிரிவைப் படித்தவருக்குத்தான் இந்தச் சின்னப் பதிலின் மதிப்பு தெரியும்.

தகராறு வந்தால் 18ஆம் பிரிவின்படி வசதியாக்க மன்றத்துக்குப் போகலாம். சென்னை, திருச்சி, மதுரை, கோவை மண்டலங்களில் இந்த மன்றங்கள் இருக்கின்றன. மனுவை இணையத்திலேயே போடுவதற்காக 2017இல் சமாதான் என்ற தளத்தைத் தொடங்கினார்கள். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது; நடைமுறையில் அதற்கு மேலும் ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டாதீர்கள். ஆனால் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்த பிறகு எதிர்த்தரப்பு நீதிமன்றம் போக நினைத்தால், தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இது 19ஆம் பிரிவு. இழுத்தடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இந்த ஒரு பிரிவைக் காட்டினாலே பாதிப் பேச்சுவார்த்தை முடிந்துவிடும்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய வரி ஒன்று வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43பி பிரிவில் 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் எச் என்று ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு மேற்சொன்ன கெடுவுக்குள் பணம் தராத வாடிக்கையாளர், அந்தத் தொகையை எந்த ஆண்டில் உண்மையாகக் கொடுக்கிறாரோ அந்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். மார்ச் மாதத்தில் பெரிய கம்பெனிகளின் அக்கவுன்ட்ஸ் ஆட்கள் திடீரென்று நம்மைக் கூப்பிட்டு "உங்க உத்யம் நம்பர் என்ன?" என்று கேட்பது அன்பினால் இல்லை, இந்த உட்பிரிவினால்.

உத்யம் என்று வந்துவிட்டது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக 2020 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பதிவு அது. கட்டணம் கிடையாது. காகிதம் எதுவும் ஏற்ற வேண்டாம். நாமே விவரம் சொல்லிப் பதியலாம். ஆனால் தேடுபொறியில் தேடினால் மேலே வந்து நிற்பவற்றில் அரசு முத்திரை மாதிரி ஒரு படம் போட்டு, 'கட்டணம்' கேட்கிற தனியார் தளங்களும் இருக்கும். அசல் தளத்தின் முகவரி கவ் புள்ளி இன் என்று முடியும். தங்களைத் தவிர வேறு எந்தத் தனியார் அமைப்புக்கும் பதிவு செய்ய அதிகாரம் இல்லை என்று அந்தத் தளமே எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்காமல் கடந்து போனவர்கள்தான் கட்டணம் கட்டுகிறார்கள். இன்னொன்று: சரக்கு கொடுப்பதற்கு முன்பே பதிந்திருங்கள். தகராறு வந்த பிறகு பதிந்துகொண்டு பழைய பில்லுக்கு வட்டி கேட்டவர்கள் நீதிமன்றங்களில் சிரமப்பட்டிருக்கிறார்கள். வாங்கி விற்கிற வியாபாரம் மட்டும் செய்பவர்கள் உத்யமில் பதியலாம், வங்கிக் கடனில் முன்னுரிமை கிடைக்கும். ஆனால் நான் சொன்ன வட்டிப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. 2021 ஜூலையில் வந்த குறிப்பாணையில் அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் தைத்துக் கொடுப்பவரா, சூரத்திலிருந்து புடவை வரவழைத்து விற்பவரா என்பதைப் பொறுத்து நீங்கள் படிக்க வேண்டிய வரியே மாறிவிடுகிறது.

எழுதுகிறவர்கள், மொழிபெயர்ப்பவர்கள் பக்கம் வருகிறேன். இது என் சொந்த அடுப்பங்கரை, கொஞ்சம் நின்று பேச அனுமதியுங்கள்.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 17, 19 என்று இரண்டே இரண்டு பிரிவுகள். பணம் கொடுத்து எழுதி வாங்கியவருக்கே எல்லா உரிமையும் என்று நம்மில் முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உரிமை முதலாளிக்கு. அது சரி. வெளியிலிருந்து ஃப்ரீலான்ஸாக ஒரு கட்டுரையையோ மொழிபெயர்ப்பையோ செய்துகொடுத்தால் முதல் உரிமையாளர் எழுதியவர்தான். மாற்றிக்கொடுக்க வேண்டுமென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அந்த எழுத்தில் எத்தனை ஆண்டுக்கு என்று சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டுதான். எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். உரிமையை வாங்கி வைத்துக்கொண்டு ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, அந்த உரிமை கலைந்துபோகும். பதிப்பாளரிடம் சண்டை போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்று மேசைமேல் வந்தால், எந்த இடத்தில் விரல் வைத்துப் பேச வேண்டும் என்பது இதைப் படித்தவருக்குத் தெரியும். "எல்லா உரிமையும், எல்லா நாட்டுக்கும், என்றென்றைக்கும்" என்று இருந்தால் அதற்கொரு விலை உண்டு. அந்த விலையைக் கேட்கலாம்.

புகைப்படக்காரர்கள் இங்கே இருந்தால் அவசரப்பட்டுக் கைதட்ட வேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு எடுத்த புகைப்படம், வரைந்த ஓவியம், எடுத்த திரைப்படம் ஆகியவற்றில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமை பணம் கொடுத்தவருக்கே. அதே 17ஆம் பிரிவில், நாலு வரி தள்ளி இருக்கிறது. சுருக்கிச் சொல்லும் கட்டுரைகளில் இந்த நாலு வரிதான் முதலில் காணாமல் போகும்.

மூல வாசகத்தைப் படி என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணமே இதுதான். வரி விஷயத்தில் இன்னும் மோசம். "ஃப்ரீலான்ஸரா? வருமானத்தில் பாதிக்கு மட்டும் வரி கட்டினால் போதும்" என்று உற்சாகமாகச் சொல்லும் காணொளிகளை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவைத்தான் சொல்கிறார்கள். உண்மைதான், வரவு ஆண்டுக்கு 50 லட்சத்துக்குள் இருந்தால், ரொக்கம் 5 சதவீதத்துக்கு மேல் இல்லையென்றால் 75 லட்சம் வரைக்கும், பாதியை லாபமாகக் காட்டலாம். ஆனால் யாருக்கு? அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது. வழக்கறிஞர், மருத்துவர், பொறியாளர், கட்டடக்கலை வல்லுநர், கணக்காளர், தொழில்நுட்ப ஆலோசகர், உள்அலங்காரம் செய்பவர். பிறகு அறிவிக்கை மூலம் சேர்த்த சினிமாக் கலைஞர், கம்பெனி செகரட்டரி, தகவல் தொழில்நுட்பக்காரர் போன்றவர்கள். சினிமாவுக்கு வசனம் எழுதுபவர் அதில் வருகிறார். நாவல் மொழிபெயர்ப்பவர் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி வரவில்லை. அவர் எந்தப் பிரிவில் கணக்குக் காட்டுவது என்பதை ஆடிட்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கேட்க வேண்டும் என்பதே பட்டியலைப் பார்த்த பிறகுதான் தோன்றும். பட்டியலைப் படித்துவிட்டுப் போனால் ஆடிட்டரிடம் பேச்சும் சீக்கிரம் முடியும்.

இதில் இன்னொரு சிக்கல். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. 2026 ஏப்ரல் 1தான் அதன் நடைமுறைத் தேதி. பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. நான் இப்போது சொன்ன 43பி, 44ஏடிஏ என்ற எண்களை வைத்துப் புதிய சட்டத்தில் தேடினால் கிடைக்காது. பழைய பிரிவுக்கு நேரான புதிய பிரிவு எது என்பதை வருமான வரித் துறையின் தளத்தில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே எதைப் படித்தாலும் முதலில் தேதியைப் பாருங்கள். தேதி போடாத பக்கத்தை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

வெளிநாட்டு வேலை எடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அப்வொர்க் தளம் நம் வருமானத்தில் எவ்வளவு பிடித்துக்கொள்கிறது? பழைய கட்டுரையைப் படித்தவர், முதல் 500 டாலருக்கு 20 சதவீதம், பிறகு படிப்படியாகக் குறையும் என்பார். 2023 மே மாதத்துக்குப் பிறகு எழுதியதைப் படித்தவர், எல்லாருக்கும் ஒரே மாதிரி 10 சதவீதம் என்பார். 2025 மே முதல் அதுவும் மாறி, ஒப்பந்தத்தைப் பொறுத்து 15 சதவீதம் வரை என்றாகிவிட்டது. மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் இன்று என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் நம் கூலியைத் தீர்மானிக்கும். ஜிஎஸ்டியும் இப்படித்தான். சேவைக்கு 20 லட்சம், தமிழ்நாட்டில் சரக்குக்கு 40 லட்சம் என்று எல்லாருக்கும் மனப்பாடம். சரக்கை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் கணக்கு வேறு, அதிலும் கைவினைப் பொருளுக்குத் தனிச் சலுகை என்பது தெரிந்தவர்கள் குறைவு. பெங்களூருக்கு ஊறுகாய் பார்சல் போடுவதற்கு முன்னால் ஜிஎஸ்டி மன்றத்தின் கேள்வி-பதிலில் இந்த ஒரு தலைப்பையாவது பாருங்கள்.

இட்லிப் பொடிக்கு வருகிறேன். அரை மணி நேரமாக அந்த வரிசையில் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும் என்பது தெரிந்திருக்கும். 2011இல் வந்த விதிமுறை, ஆண்டு விற்பனை 12 லட்சம் வரையுள்ளவர்களைச் சிறியவர்கள் என்று பிரித்து, ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் பதிவு போதும் என்றது. அந்தத் துறையின் ஃபாஸ்காஸ் தளத்தில் விண்ணப்பம் போடும் அன்று எல்லையும் கட்டணமும் என்ன என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். நான் பேச வந்தது அதற்குப் பிறகு வருவதை. 2020இல் வந்த லேபிள் விதிமுறைகள் இருக்கின்றன. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், 14 இலக்கப் பதிவு எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பேட்ச் எண் எல்லாம் நமக்குப் பழக்கம். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் போட வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியும்.

இப்போது உங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பல டப்பாக்களில் கோந்தோடு கோதுமை மாவோ மைதாவோ எழுதியிருக்கும். உங்கள் இட்லிப் பொடியில் உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், எள், உப்பு, பெருங்காயம் என்று எழுதிவிட்டு, "கோதுமை இல்லை, எல்லாரும் சாப்பிடலாம்" என்று வாட்ஸ்அப்பில் விளம்பரமும் போடுகிறீர்கள். ஒரு சிட்டிகைதான், ஆனால் கோதுமை உள்ளே வந்துவிட்டது. ஒவ்வாமை தருபவை என்று விதிமுறையில் ஒரு பட்டியல் உண்டு. குளூட்டன் உள்ள தானியங்கள் அதில் இருக்கின்றன. நிலக்கடலை இருக்கிறது, பால் இருக்கிறது, சோயா இருக்கிறது. நிலக்கடலைப் பொடி போடுபவர் அதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். மருந்துக்கும் கோதுமை சேர்க்கக் கூடாத ஒரு குழந்தையின் தாய் உங்கள் லேபிளை நம்பித்தான் வாங்குகிறார். இந்தப் பட்டியலைப் படிக்க பத்து நிமிடம் ஆகாது.

பொடி எத்தனை நாள் தாங்கும், ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம், எந்தக் கவரில் போடுவது என்பதற்கெல்லாம் யாரோ சொன்ன நாட்டு வைத்தியம் வேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் தளத்தில் அறுவடைக்குப் பின்சார் தொழில்நுட்பம் தமிழிலேயே இருக்கிறது. குறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டம் 2020இல் தொடங்கிய பிறகு, ஊறுகாய், அப்பளம், மசாலா என்று பொருள்வாரியாகக் கையேடுகளும் மாதிரித் திட்ட அறிக்கைகளும் போட்டார்கள். அந்தத் திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் என்பதற்காகத்தான் பலர் அதன் தளத்துக்குப் போனார்கள். மானியம் வேண்டாதவரும் கையேட்டுக்காகப் போகலாம். தஞ்சாவூரிலேயே தேசிய அளவிலான உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, மைசூரில் 1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அவர்களுடைய தளங்களையும் ஒரு முறை மேய்ந்து பாருங்கள்.

பிராண்ட் பெயர் வைப்பவர்களுக்கு ஒரே ஒரு வரி. பெயரை அச்சடிப்பதற்கு முன்னால் வணிகச் சின்னப் பதிவகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். மொத்தம் 45 வகுப்பு. மசாலாப் பொடி 30இல் வரும், ஊறுகாய் 29இல்.

பயப்பட வேண்டிய படிப்பும் ஒன்று உண்டு. ஒரு ஃபோன் வருகிறது. "மேடம், நான் ஆர்மி ஆபீசர். கேன்டீனுக்கு அம்பது பாட்டில் மாங்காய் ஊறுகாய் வேணும்." விலையில் பேரமே பேச மாட்டார். அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், பேரம் பேசாத வாடிக்கையாளர் எந்த ஊரில் இருக்கிறார்? அடையாள அட்டைப் படம் வாட்ஸ்அப்பில் வரும். "எங்க அக்கவுன்ட் சிஸ்டம் வேற மாதிரி. ஒரு க்யூஆர் அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி ஒரு ரூபா போடுங்க, ரெண்டு ரூபாயா திரும்பி வரும்." போட்டால் வருகிறது. நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்த க்யூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பரை அழுத்தியதும் பணம் வருவதற்குப் பதிலாகப் போய்விடும். யூபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. இந்த மாதிரி வித்தைகளையெல்லாம் ரிசர்வ் வங்கி 2022இல் சிறு புத்தகங்களாகத் தொகுத்துப் போட்டது. ஒன்றில் ராஜு என்ற ஆள் நாற்பது விதமாக ஏமாறுகிறார், படம் போட்டிருக்கும். அரசு வெளியீடுகளில் வீட்டில் எல்லாரும் சிரித்துக்கொண்டே படிக்கக்கூடியது அதுதான். ஏமாந்துவிட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும்.

இவ்வளவு சட்டம் பேசிவிட்டு, சுவையாகப் படிக்க ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. பெரிய விற்பனைத் தளங்களில் உங்கள் பொருளைப் போன்ற ஒன்றை எடுத்து, அதற்கு மூன்று நட்சத்திரம் போட்டவர்களின் கருத்துகளை மட்டும் படியுங்கள். ஐந்து போட்டவர் "சூப்பர்" என்று போய்விடுவார், ஒன்று போட்டவர் கூரியர்காரர் மேல் கோபத்தில் இருப்பார். மூன்று போட்டவர்தான் உட்கார்ந்து யோசித்து எழுதியிருப்பார். "ருசி நன்று, உப்பு தூக்கல்." "பாக்கெட்டைத் திறந்தால் மறுபடி மூட முடியவில்லை." "வறுத்த வாசனை இல்லை." இருபது கருத்துகளைப் படித்தால் உங்கள் அடுத்த பேட்சில் என்ன மாற்ற வேண்டும் என்பது கையில் வந்துவிடும். காசு கொடுத்தால்கூடக் கிடைக்காத ஆராய்ச்சி.

ஆங்கிலம் ஓரளவு படிப்பவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். கெவின் கெல்லி 2008இல் ஆயிரம் உண்மையான ரசிகர்கள் என்ற கருத்தை எழுதினார். நீங்கள் எது செய்தாலும் வாங்குகிற ஆயிரம் பேர் இருந்தால், ஆளுக்கு ஆண்டுக்கு நூறு டாலர் என்றால், ஒரு கலைஞர் பிழைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. டாலரை அழித்துவிட்டு நம் ரூபாயைப் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டுப் பொடிக்காரருக்கு ஆயிரம் பேர் போதாது என்று வரலாம், இருநூறு குடும்பமே போதும் என்றும் வரலாம். மற்றவர் பாட்ரிக் மெக்கென்சி. ஜப்பானில் சம்பள வேலையில் இருந்துகொண்டே, 2006இல் ஆசிரியைகள் வகுப்பில் விளையாட பிங்கோ அட்டை அச்சிடும் ஒரு சின்ன மென்பொருளை வீட்டிலிருந்து விற்கத் தொடங்கியவர். விற்பனை எவ்வளவு, விளம்பரச் செலவு எவ்வளவு, என்ன மிச்சம் என்று எண்களோடு வெளிப்படையாக எழுதினார். வெற்றிக் கதைகளில் நான் தேடுவது அந்த எண்களைத்தான். எண் இல்லாத வெற்றிக் கதையை நான் சினிமா விமர்சனம் மாதிரிதான் படிப்பேன்.

மொழிச் சிக்கல் என்று ஒன்று இருக்கிறது, அதை மறைக்க முடியாது. நான் சொன்னவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் விஷயம் என்ன என்பது பிடிபடும், அது வரைக்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் தொகை, நாள் கணக்கு, பிரிவின் அடியில் வருகிற விதிவிலக்கு, இந்த மூன்றையும் அசலில் ஒரு முறை கண்ணால் பாருங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். உங்கள் பில் ஒன்றையும் கூடவே வைத்துக்கொண்டு படியுங்கள். 45 நாள் என்று வரும்போது அந்தப் பில்லின் தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணினால் பிரிவு மறக்காது.

கடைசியாக விலை. உங்கள் தெருவில் உங்கள் பொடிக்கு என்ன விலை வைக்கலாம் என்பதை எந்த இணையதளமும் சொல்லாது. ஆனால் விலையை எப்படிக் கட்டுவது என்பதற்கு மாதிரி இருக்கிறது. காதி கிராமத் தொழில் ஆணையத்தின் தளத்தில் ஏராளமான சிறு தொழில்களுக்குத் திட்ட விவரங்கள் கிடைக்கின்றன; வங்கிக் கடன் கேட்பவர்களுக்காகப் போட்டவை. அதில் போட்டிருக்கும் தொகைகள் பழையதாக இருக்கலாம், அதை விட்டுவிடுங்கள். வரிசையைப் பாருங்கள்: இயந்திரம், மூலப்பொருள், மின்சாரம், வாடகை, பாக்கிங், தேய்மானம், வட்டி, கூலி. நம் வீட்டுக் கணக்கு நோட்டில் முதல் மூன்று இருக்கும். வாடகை இருக்காது, ஏனென்றால் சொந்த வீடு. கூலி இருக்கவே இருக்காது, ஏனென்றால் நாம்தானே செய்கிறோம். காலை நாலு மணிக்கு எழுந்து உளுந்து வறுத்தவருக்குக் கூலி போடாமல் "கிலோவுக்கு எண்பது ரூபாய் லாபம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒரு மாதம் உடம்புக்கு முடியாமல் வேறு ஆளை வைத்துச் செய்தால்தான் அந்த லாபம் யாருடைய கூலி என்பது தெரியவரும். அடுத்த பேட்ச் விலையைப் போடும்போது உங்கள் ஊர் நாள்கூலியை எடுத்து அந்த ஒரு வரியையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். விலை ஏறும். ஏறிய விலைக்கு யார் வாங்குவார்கள் என்பதை அந்த மூன்று நட்சத்திரக்காரர்களிடமிருந்தே தேடத் தொடங்கலாம். யாராவது பில் புத்தகமோ லேபிளோ கொண்டுவந்திருந்தால் முன்னால் வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.